ஊர் தெரிந்தது, பேர் தெரியவில்லை

வடமதுரை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு இருக்கிறது. தேய்ந்த ரோமானியச் செப்புக் காசுகள் எந்த நகரத்தில் அடிக்கப்பட்டவை என்று படித்துச் சொல்வதில் தேர்ந்தவர். நான் போயிருந்தபோது கரூரிலிருந்து ஒருவர் காசு கொண்டுவந்திருந்தார். அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. நிறுத்துப் பார்த்தால் ஒரு கிராமை ஒட்டி நின்றது.

திண்டுக்கல் சீமைக்கு ரோமானியக் காசு புதிதல்ல. 1856-இல் பழனி பக்கம் கலையமுத்தூரில் ரோமானியத் தங்கக் காசுகளே புதையலாகக் கிடைத்திருக்கின்றன. வடக்கே கரூரிலும் தெற்கே மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளுக்கென்றே இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் தனி நூல் எழுதினார். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் வடமதுரை இருக்கிறது.

ஆசிரியர் காசை உடனே கையில் எடுக்கவில்லை. "புளி போட்டுத் தேய்ச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். வந்தவர் இல்லை என்றதும் முகம் தெளிந்தது. செப்புக் குடத்தைப் புளி பளபளப்பாக்கும். பழங்காசுக்கோ அதுதான் எமன். நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைப் படலத்திலேயே எழுத்தின் மேடு பள்ளம் மிஞ்சியிருக்கும். அமிலம் பட்டால் படலத்தோடு எழுத்தும் போய்விடும். இவர் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண் இளகியபின் கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளுகிறார். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடிக்கிறார். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த காசில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் நிழல்கள் எழும்பின.

முன்பக்கத்தில் ஒரு தலை. பின்னந்தலையில் தலைப்பட்டையின் முடிச்சு மட்டும் தெரிந்தது. சுற்றிலும் இருந்த அரசன் பெயர் முழுக்கத் தேய்ந்துவிட்டது. பின்பக்கத்தில் சிறகுள்ள வெற்றித் தேவதை, கைதி ஒருவனை இழுத்துக்கொண்டு இடப்புறம் நடக்கிறாள். எதிரே கிறித்துவின் பெயர்ச்சின்னத்தின் சுவடு. "இது போதும், காலம் கிடைச்சாச்சு" என்றார். 4-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் பரவலாக அடித்த வகை அது.

ஊரைக் கண்டுபிடிக்கத் தேவதையின் காலடிக்குக் கீழே உள்ள கோட்டுக்கும் அடியில் பார்க்க வேண்டும். அங்கேதான் அக்கசாலையின், அதாவது காசு அடித்த கூடத்தின், குறி இருக்கும். அலெக்சாந்திரியா என்றால் ஏ, எல், ஈ. ஆன்டியாக் என்றால் ஏ, என், டி. சைசிகஸ் என்றால் எஸ், எம், கே. கடைசியில் வரும் கிரேக்க எழுத்து, அந்த அக்கசாலையின் எத்தனையாவது பட்டறை என்று சொல்லும். ஆனால் காசடிக்கும் வில்லை சிறியது, அச்சு பெரியது. ஓரத்தில் நிற்கும் இந்தக் குறிதான் பெரும்பாலும் வில்லைக்கு வெளியே போய்விடுகிறது.

இந்தக் காசில் முதல் எழுத்து இல்லை. அடுத்தது ஒரு நேர்க்கோடு. சாய்கோடு தொடர்ந்தால் ஆன்டியாக். அடியில் குறுங்கால் நீண்டால் அலெக்சாந்திரியா. டார்ச்சை எதிர்ப்பக்கம் கொண்டுபோனார். குறுங்கால் தெரிந்தது. பக்கத்தில் மூன்று கிடைக்கோடுகளின் நுனிகளும் தெரிந்தன. "அலெக்சாந்திரியா" என்றார். யாருடைய காசு என்பது தெரியாமலே போனது. எகிப்தின் கடற்கரையில் பிறந்தது என்பது உறுதியானது.

இதற்கு முன், மூன்றாம் நூற்றாண்டு வரை, ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் நகரங்கள் தாங்களே காசு அடித்தன. அவற்றைப் படிக்க வேறு வழி வேண்டும். கிரேக்க எழுத்தில் உள்ள ஊர்ப்பெயர் தேய்ந்துவிட்டால் சின்னம்தான் துணை. மலை இருந்தால் கப்படோக்கியாவின் செசரேயா. பாறைமேல் நகரத்தேவி அமர்ந்து, காலடியில் ஆற்றுத்தேவன் நீந்தினால் பெரும்பாலும் ஆன்டியாக். மீனைக் கண்டால் பாண்டியன், வில்லும் அம்பும் கண்டால் சேரன் என்று நாம் படிப்பதும் இதே முறைதான்.

சில காசுகளில் எழுத்து இருக்கும், ஆனால் எந்தச் சொல்லும் உருவாகாது. அவை ரோமானியக் காசைப் பார்த்து இந்தப் பக்கத்திலேயே அடித்தவை. இலங்கையில் இப்படிப்பட்டவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இத்தகைய காசுகளில் முகத்தைவிடக் கிடைத்த இடமே அதிகம் பேசும்.

அதனால் அடுத்து கரூர் போனேன். ஆற்றோரம் வயதான அம்மா ஒருவர், முன்பெல்லாம் குடும்பத்தோடு மணல் சலித்த கதையைச் சொன்னார். மரத்தட்டில் மணலை அள்ளி நீரில் ஆட்டினால் இலேசானது வழிந்துவிடும். கனமானது அடியில் தங்கும். தேடியது பொன் துகளை. கூடவே காசும் வரும். "எந்த மடுவுல எது கெடச்சதுன்னு எங்களுக்கு அத்துப்படி கண்ணு. காசு வாங்க வந்தவங்க ஒருத்தரும் அதக் கேக்கல" என்றார்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. படிப்பவரின் கண்ணும் சலித்தவரின் நினைவும் சேர்ந்தால்தான் ஒரு காசின் வரலாறு முழுமையாகும். அலெக்சாந்திரியாவில் கிளம்பியது எது என்பதை ஆசிரியர் சொல்லிவிடுவார். அது அமராவதியின் எந்த வளைவில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதை அந்த அம்மா போன்றவர்களே சொல்ல முடியும். சங்க காலச் சேரரின், 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டதும் இதே ஆற்றில்தான். ஆனால் சலித்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

உங்கள் நிலத்திலோ ஆற்றிலோ பழங்காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள். இடத்தையும் ஆழத்தையும் கூடக் கிடந்த பொருள்களையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்ததை ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். காசைக் கண்டெடுத்தவர் யார் என்பதையும் அந்தக் குறிப்பில் சேருங்கள். அவருக்கு அந்த மரியாதை உரியது.