பனி எங்கே போகிறது?

நீண்ட பதிவு. பாதிக்கு மேல் டிராக்டரைப் பற்றியது. சமூக அறிவியல் நண்பர்கள் பொறுத்தருள்க. அவர்களுக்கான செய்தி பிளேடின் ஆணியில்தான் இருக்கிறது.

எங்கள் ஆய்வு நிலையத்தின் குளிர்காலப் பதிவேட்டில் 'பனி அகற்றம்' என்றொரு பக்கம் உண்டு. தேதி, பனியின் ஆழம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், செலவான டீசல் என்று ஐந்து கட்டங்கள். 'அகற்றம்' என்ற சொல்லின்மீது எனக்கு மூன்று குளிர்காலங்களாக ஐயம். அகற்றப்பட்ட பொருள் இல்லாமற்போயிருக்க வேண்டும். டிராக்டரின் முன்னால் மாட்டிய பிளேடு பனியை இல்லாமற்செய்வதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைக்கிறது. வைத்த இடம் எது என்று கேட்கும் கட்டம் அந்தப் பக்கத்தில் இல்லை.

நிலையம் தெற்குக் காஷ்மீரின் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து எங்கள் வாயிலுக்கு வரும் சந்து ஏறத்தாழ 120 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம். வரும்போது வலப்புறம் வீடுகள். இடப்புறம் எங்கள் வேலி, வேலிக்குள் சோதனை மரங்கள். டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலானின் நாற்பது நாட்களில் விழும் பனி பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சங்கடம். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயரிட்ட நமக்குப் பனி என்பது இலைமேல் நின்று வெயிலேறினால் மறைவது. முற்றத்தில் ஒன்றரை மாதம் கிடந்து, எடை கூடி, இறுகி, வழி மறிக்கும் பொருளுக்கும் அதே சொல்தான். காஷ்மீரியில் அது 'ஷீன்'; முதல் ஷீன் விழும் நாளில் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்கிறார்கள். பதினைந்தாம் நாளில் யாரும் வாழ்த்துவதில்லை.

சோஜிலா கணவாய் 3,528 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்லைச் சாலைகள் அமைப்பு அதை ஒவ்வோராண்டும் திறக்கும்போது செய்தித்தாள்கள் படம் போடும். சுழலும் பெருவிசிறி பனியை வாரி மலைச்சரிவில் வீசும் காட்சி பார்க்க அழகாகவே இருக்கும். கீழே பள்ளத்தாக்கு; வாங்கிக்கொள்ள இடம் உண்டு. சந்துக்கு அந்த வசதி கிடையாது. இருபுறமும் யாரோ இருக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது 24 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய டிராக்டர். ஆப்பிள் வரிசைகளுக்கிடையே மருந்து தெளிக்க வாங்கியது. குளிர்காலத்தில் தெளிப்பானைக் கழற்றிவிட்டு முன்னால் ஒன்றரை மீட்டர் அகலப் பிளேடு ஒன்றை மாட்டுவார்கள். தமிழ்நாட்டிலும் பஞ்சாபிலும் டிராக்டரின் முன் டோசர் மாட்டி நிலம் சமன் செய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள்; தோற்றத்தில் அதன் தம்பி. வேலை வேறு. மண்ணை வெட்ட வேண்டும். பனியைத் தரையிலிருந்து உரித்தால் போதும். ஆகவே பிளேடின் அடியில் இரண்டு பக்கமும் செருப்பு போன்ற இரும்புக் கால்கள் இருக்கும். சரளைப் பாதையென்றால் அவற்றை இறக்கி, தரையைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கலாகப் பிளேடு ஓடும்படி வைக்க வேண்டும். தவறினால் பனியோடு சரளையும் வேலியோரம் போய்ச் சேரும், ஏப்ரலில் பொறுக்கிக்கொண்டிருக்கலாம். பிளேடின் பின்னால் வலுவான ஸ்பிரிங்குகள். பனிக்கடியில் மறைந்த கல்லில் மோதினால் பிளேடின் அடிவிளிம்பு பின்னுக்கு மடங்கி, கல்லைத் தாண்டி, மறுபடி நிமிரும். ஸ்பிரிங் இல்லாத டோசரை அப்படியே பனிக்கு ஓட்டினால் அந்த அதிர்ச்சியை முன் அச்சும் ஓட்டுநரின் நெஞ்சும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எஞ்சினின் திறன் இங்கே இரண்டாம் பட்சம். இறுகிய பனிமேல் டயருக்குக் கிடைக்கும் உராய்வுக் கெழு சுமார் 0.2, நல்ல நாளில் 0.3. கட்டிப்பனியில் 0.1 அளவுக்கு விழுந்துவிடும். பாரத்தோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள டிராக்டர், எத்தனை குதிரை பூட்டியிருந்தாலும், இருநூறு முந்நூறு கிலோ விசைக்கு மேல் தள்ள முடியாது. அதற்கு மேல் கேட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பின் சக்கரங்களுக்குச் சங்கிலி போடுவதும், பின்னால் சிமென்ட் கட்டையைத் தொங்கவிடுவதும் இதற்காகத்தான். முன்னால் பிளேடின் எடை ஏறியதும் பின்புறம் இலேசாகிவிடும் என்பதை மறந்தவர்கள் சரிவில் நினைவுகூர்வார்கள்.

இனி கணக்கு. 30 சென்டிமீட்டர் பனி விழுந்தால் எங்கள் சந்தில் மட்டும் 126 கனமீட்டர். கனமீட்டருக்கு 100 கிலோ என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டரை டன். இதை நேராக முன்னால் தள்ளிக்கொண்டு போக எங்கள் வண்டியால் ஆகாது. ஆகவே பிளேடைச் சுமார் முப்பது பாகை சாய்த்து வைப்பார்கள். பனி பிளேடின் மேல் உருண்டு ஓரமாக வழியும். வண்டியின்மேல் சுமை சேராது. ஒன்றரை மீட்டர் பிளேடு சாய்த்தபின் 1.3 மீட்டரைத் துடைக்கும். மூன்று நடையில் சந்து திறந்துவிடும்.

விலையுயர்ந்த பிளேடுகளில் இந்தச் சாய்வை இருக்கையிலிருந்தே ஹைட்ராலிக் லிவரால் மாற்றலாம். எங்களுடையது பட்டறையில் செய்தது. சாய்வை மாற்ற வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, கீழிறங்கி, பனியில் நின்று, ஓர் இரும்பு ஆணியை உருவி, பிளேடைத் தோளால் தள்ளித் திருப்பி, ஆணியை மறு துளையில் செருக வேண்டும். காலை ஆறு மணி, சுழியத்துக்குக் கீழே ஏழெட்டு பாகை. கையுறையோடு அந்த ஆணி பிடிபடாது. கையுறையைக் கழற்றினால் இரும்பு விரலைப் பிடித்துக்கொள்ளும். எனவே எங்கள் ஓட்டுநர் சாச்சா பருவத்தின் தொடக்கத்தில் ஆணியை ஒருமுறை இடச்சாய்வில் செருகுவார், பிப்ரவரியில்தான் உருவுவார்.

இதன் விளைவை மெதுவாக எண்ணிப் பாருங்கள். பிளேடு எப்போதும் ஓட்டுநரின் இடக்கைப் பக்கமே பனியை ஒதுக்கும். சாலையிலிருந்து நிலையத்தை நோக்கி வரும்போது இடக்கைப் பக்கம் எங்கள் வேலி. திரும்பிப் போகும்போது இடக்கைப் பக்கம் வீடுகள். ஆணியைத் தொடாமலே பனி இருபுறமும் சமமாகப் பங்கிடப்பட்டுவிடுகிறது. பதிவேட்டின் ஐந்து கட்டங்களும் திருப்தியாக நிரம்பும்.

சமம்தானே என்று தோன்றும். வேலிக்குக் கதவு இல்லை. வீடுகளுக்குக் கதவு இருக்கிறது.

சந்தின் நடுவில் இருக்கும் வீட்டில் எழுபதை நெருங்கும் ஒரு மூதாட்டி தனியே இருக்கிறார். அனைவரும் அவரை மோஜி என்றே அழைப்போம். மகன் குளிர்காலத்தில் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிறார். விடியுமுன் எழுந்து வாயிலிலிருந்து சந்து வரை ஆளொருவர் நடக்கும் அகலத்துக்கு மரப்பலகையால் பனியை வாரி ஒதுக்கிவிடுவார். பால்காரர் வருவதற்கும், முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போவதற்கும் அந்த வழிதான். ஏழு மணிவாக்கில் டிராக்டர் திரும்பிப் போகும். அவர் வாரிய இடத்தில் புதிதாக ஒரு கரை எழுந்து நிற்கும்.

சென்ற சனவரியில் ஒருநாள் அந்த மரப்பலகையைக் கொண்டுவந்து டிராக்டரின் முன் கிடத்தினார். சத்தம் போடவில்லை. "வானம் அனுப்பியதை நான் வாரிவிட்டேன். இது நீங்கள் அனுப்பியது. நீங்களே வாருங்கள்" என்றார். சாச்சா வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, ஃபெரனுக்குள் கையை இழுத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். இருவரும் ஒரே ஊர். அவர் மகனும் சாச்சாவும் ஒன்றாகப் படித்தவர்கள். தம் விரல்களைக் காத்துக்கொள்ளும் ஒரு மனிதரிடம் ஒரு மூதாட்டி நியாயம் கேட்கிறார். அந்த ஆணியை அப்படி அமைத்தவர்களும் ஐந்து கட்டங்களோடு பக்கத்தை முடித்தவர்களும் அங்கே இல்லை.

மோஜி சொன்னதில் உருவகம் எதுவும் இல்லை. இயற்பியல் அவர் பக்கம் நிற்கிறது. விழுந்த பனியும் தள்ளிய பனியும் ஒரே பொருள் அல்ல. விழும்போது படிகங்கள் கிளைகிளையாக, இடையில் காற்றோடு, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் படிகின்றன. பிளேடு அவற்றை நொறுக்கி உருட்டும்போது கிளைகள் ஒடிந்து மணிமணியாகி நெருங்கி அடைகின்றன. அதன்பின் தொடும் புள்ளிகளில் பாலம் போட்டுக்கொண்டு ஒட்டத் தொடங்குகின்றன. உலோகத்தூளை உருக்காமலே சூட்டில் இறுக்கிக் கட்டியாக்கும் அதே சின்டரிங்தான். பனி எப்போதும் தன் உருகுநிலைக்கு மிக அருகிலேயே இருப்பதால் அதற்குத் தனியாக உலை வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் கரை இறுகிவிடும். புதுப்பனி கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ என்றால், தள்ளி ஒதுக்கிய கரை 400 கிலோவைத் தொடுவதில் வியப்பில்லை.

மோஜியின் வாயில் மூன்று மீட்டர் அகலம். அதன் முன் ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால் அவர் வார வேண்டியது 60 கிலோ. அதே இடத்தில் டிராக்டர் ஒதுக்கிய, அடியில் ஒரு மீட்டரும் உயரத்தில் 60 சென்டிமீட்டரும் உள்ள முக்கோணக் கரை 0.9 கனமீட்டர், அதாவது சுமார் 360 கிலோ. பலகைக்கு ஐந்து கிலோ வீதம் பன்னிரண்டு முறை குனிய வேண்டியவர் எழுபத்திரண்டு முறை குனிகிறார். அதுவும் மரப்பலகை நுழைய மறுக்கும் பொருளில்.

எல்லாவற்றையும் வேலிப் பக்கமே தள்ளலாமே என்ற யோசனை உடனே எழுந்தது, உடனே மறுக்கப்பட்டது. மறுத்தவர்களிடம் காரணம் இருந்தது. வேலியோரம் நிற்பவை குட்டை வேர்க்கட்டையில் ஒட்டிய இளம் மரங்கள். மேலே குவியும் பனி அமிழும்போது உள்ளே சிக்கிய தாழ்கிளைகளையும் கீழே இழுத்து, தண்டோடு கிழித்துவிடும். ஆழ்ந்த பனிக்குள் வளை அமைக்கும் கொறிவிலங்குகள் குளிர்காலம் முழுவதும் பட்டையைக் கடிக்கும். சுற்றிலும் கடிபட்ட மரம் பிழைக்காது. 2019 நவம்பர் 7-இல் இலையுதிருமுன்பே விழுந்த பனி இந்தப் பள்ளத்தாக்கின் ஆப்பிள் மரங்களை எப்படி முறித்துப்போட்டது என்பது இங்கே எவருக்கும் மறக்கவில்லை. என் நண்பர் ஒருவரின் நான்காண்டு ஆய்வு அந்த ஓர வரிசையில்தான் நிற்கிறது. மரங்களின் சார்பில் பேச ஆய்வாளர்கள் இருந்தார்கள்.

ஸ்வீடனின் கார்ல்ஸ்கோகா நகராட்சி 2011 வாக்கில் தன் பணிகளைப் பாலினக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்தபோது, பனி நீக்கும் வரிசையும் கேள்விக்குள்ளானது. பெருஞ்சாலைகளுக்குப் பிறகே நடைபாதைகள் என்ற வழக்கம், காரில் செல்வோருக்குச் சாதகமாகவும் நடந்து செல்லும் பெண்களுக்குப் பாதகமாகவும் இருப்பது தெரியவந்து, வரிசை மாற்றப்பட்டது. கருத்தரங்குகளில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். நான் மதிக்கும் எடுத்துக்காட்டுதான். அது பேசுவது எந்த வழி முதலில் என்பதை. எங்கள் சந்தில் வழி ஒன்றே. எந்தப் பக்கம் என்பதுதான் வழக்கு. இந்தக் கேள்வியை எழுப்ப வரைபடம் போதாது. பிளேடின் ஆணியைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் ஏற்பாடு மாறியிருக்கிறது. நவம்பரிலேயே சந்தின் இரு ஓரமும் வில்லோக் கழிகள் நட்டு, ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு சிவப்புத் துணி கட்டினோம். சாச்சா உள்ளே வரும்போது வேலிப் பக்கம் தள்ளுகிறார். இளம் வரிசை தொடங்கும் இடத்தில் பிளேடை நேராக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் சென்று அலுவலக முன்றிலில் குவிக்கிறார். திரும்பும்போது பிளேடைத் தூக்கிக்கொண்டு வெறுமனே போகிறார். நடை கூடுகிறது, பிளேடைத் திருப்ப ஒவ்வொரு நடையிலும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. பனி விழும் நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் கூடுதல். முதல் பனியின் கரையை முன்றிலின் கடைசி மூலை வரை கொண்டுபோய்த் தள்ளியாக வேண்டும். அருகிலேயே விட்டால் அது கல்லாகி, சனவரியின் பெரும்பனிக்கு இடமிருக்காது. குவியல் பள்ளமான பக்கம் இருப்பதும் நல்லது. மேட்டில் இருந்தால் பகலில் உருகும் நீர் பாதையில் ஓடி இரவில் கண்ணாடியாகிவிடும்.

முன்றிலில் இரண்டு வண்டி நிறுத்தும் இடம் போய்விட்டது. அதில் ஒன்று யாருடையது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். கூடுதல் டீசலுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு வந்திருக்கிறது. பதில் எழுதியிருக்கிறேன், மேலே உள்ள எழுபத்திரண்டு முறைக் கணக்கோடு. பதிவேட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் கையால் கோடிட்டுச் சேர்த்திருக்கிறோம். அலுவலக முறைப்படி அது செல்லுமா என்பது மார்ச்சில் தணிக்கையின்போது தெரியும்.

இதற்கிடையில் மேல் சந்தின் ஏழு வீட்டார் தங்களுக்கும் இப்படியே செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே வேலியும் இல்லை, முன்றிலும் இல்லை, இருபுறமும் கதவுகள்தான். நேற்று மாலை சாச்சாவும் மோஜியும் நானும் அந்தச் சந்தை நடந்து பார்த்தோம். கோடியில், ஓடையை ஒட்டி, வேலியடைத்த ஒரு தரிசு இருக்கிறது. உரிமையாளரிடம் தாமே பேசுவதாக மோஜி சொல்லியிருக்கிறார். சாச்சா ஆணியின் தலையில் பழைய கயிற்றால் ஒரு வளையம் கட்டியிருக்கிறார். இனி கையுறையைக் கழற்றாமலே உருவலாம்.