நண்பரும் போறணையும்

யூபிலித் தொடக்க நாளன்று மாணவருக்கு வழங்கவேண்டிய சிற்றுண்டி யாது என்பது பற்றிப் பழைய மாணவர் சங்கச் செயற்குழுவிலே பெரியதொரு வழக்கு எழுந்தது. வடையும் மோதகமும் போதும் என்றனர் மூத்தோர். பீற்சா வேண்டும் என்றனர் இளையோர். அயல்நாட்டுக் கம்பனிப் பண்டத்தைக் கல்லூரி வாயிலுக்குள் விடுவதா என்று நாமும் சற்றுச் சினந்து பேசினோம். அதனை ஒளிக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த கனடா நண்பர் மட்டும் வாய் திறக்கவில்லை. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் அவர். சித்திரை வெயிலிலும் நீளக் கைச் சட்டையே அணிபவர்.

அம்மௌனத்தின் காரணத்தை அங்கு அறிந்தவர் நாம் ஒருவரே. எண்பதுகளில் நாட்டைவிட்டு அகன்ற எம்மவர் பலருக்கு ரொறன்ரோ உணவகங்களின் சமையற்கட்டுகளே முதற் புகலிடமாயின. நண்பருக்கு வாய்த்தது பீற்சாக் கடையொன்றின் போறணை. படுவான்கரையில் ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற தந்தையாருக்கோ, "கம்பனியொன்றில் உத்தியோகம்" என்று எழுதிவிட்டார். மண்முனைத் துறையில் அந்நாளிற் பாலம் இல்லை; 2014 இலேதான் அது வந்தது. நாம் வாவியைக் கடந்து சென்று, கண் மங்கிய அம்முதியவருக்குக் கடிதங்களை வாசித்துக் காட்டுவோம். வாசிக்கும்போது சிறிது பொறாமையும் கொண்டோம்.

நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் உணவாயிருந்த பண்டம் இது. 1958 இல் அமெரிக்காவின் விச்சிற்றா நகரிலே கார்னி சகோதரர் இருவர் தாயாரிடம் 600 டொலர் கடன்பெற்றுத் தொடங்கிய கடையே பீற்சா ஹட் என்னும் பெருநிறுவனமாய் வளர்ந்து, 1993 இற் கொழும்புக்கும் வந்தது. பீற்சாவின்மேல் அன்னாசி வைக்கும் விந்தையை 1962 இல் ஒன்ராறியோ மாகாணத்திலே தொடங்கியவர் சாம் பனோப்பூலொஸ் என்பவர். அவரும் கிரேக்க நாட்டிலிருந்து பிழைக்க வந்தவரே. எம் நண்பர் எத்தனை ஆயிரம் அன்னாசித் துண்டுகளைத் தம் கையால் அடுக்கினாரோ!

2019 இல் நாம் ரொறன்ரோ சென்றபோது அவர் எம்மைப் புதுவகைக் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றார். சியாற்றில் நகரில் 2008 இல் தொடங்கிய மொட் பீற்சா, கலிபோர்னியாவில் 2012 இல் முதற்கடை திறந்த பிளேஸ் பீற்சா ஆகியவை பரப்பிய முறையிலே அமைந்தது அது. கண்ணாடித் தடுப்பின் முன்னே வரிசையாய் நடந்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று சுட்டிக் காட்டுகிறோம். எத்தனை வகை வைப்பினும் விலை ஒன்றே. ஒரு நாள் முழுதும் ஊறிப் பொங்கிய மா, எம் கண்முன்னே தட்டப்பட்டு, நெருப்புக்குட் சென்று, ஏறத்தாழ 180 விநாடியில் வெந்து மீள்கிறது. செய்பவரும் உண்பவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கின்றனர். நம் ஊரில் இது புதுமையன்று. கிழக்கிலங்கையிலே பிறந்தது என்று பலரும் சொல்லும் கொத்து றொட்டியைப் போடுபவர், வீதியைப் பார்த்துக்கொண்டு, தெருவெல்லாம் கேட்கத் தகடு தட்டியன்றோ போடுகிறார்!

நண்பர் ஒன்றும் கேளாமல் நெடுநேரம் போறணையையே நோக்கி நின்றார். பின், "எங்கட காலத்துல அடுப்பு பின்னுக்கு, மச்சான். எங்கட முகத்த ஒருத்தரும் கண்டதில்ல" என்றார். தந்தையார் அறியாமலே போய்விட்டாரே என்றும் சொன்னார். போர்க்காலம், ஈமக்கடனுக்கு வர அவரால் இயலவில்லை. அன்று நாம் சொல்லவேண்டியதைச் சொல்லாது விட்டோம்.

செயற்குழு கலைந்த மாலை, கல்லடியில் வாவிக்கரையிலே இருவரும் அமர்ந்திருந்தபோதே அதனைச் சொன்னோம். ஒருமுறை அவர் அனுப்பிய நிழற்படத்தில் முன்கையிற் கருந்தழும்புகள் வரிசையாய்த் தெரிந்தன. முதியவர் படத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இது என்ன கந்தோர், தம்பி, கை சுடுற கந்தோர்?" என்று எம்மைக் கேட்டார். நாம் விடை கூறவில்லை. சிறிது நேரத்தின் பின், கடிதத்தை முதலிலிருந்து மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அதன்பின் ஒருநாளும் கேட்டாரில்லை. மகனின் உத்தியோகம் பற்றி ஊராரிடம் பெருமை பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டு, "என்ர புள்ள பாடுபடுறான்" என்று சொல்லத் தலைப்பட்டார்.

நண்பர் நீரைப் பார்த்தவாறு இருந்தார். "எந்த வருசம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம்.

மறுநாட் காலை அவரே செயலாளரிடம் சென்று, கம்பனிப் பீற்சா வேண்டாம், தாமே சுடுவதாகக் கூறினார். எருமைப் பாலிலிருந்து இத்தாலியர் செய்யும் பாற்கட்டியே இதற்கு உயர்ந்ததாம். நம் நாடு எருமைத் தயிருக்குப் பெயர்போனதாயினும் அப்பாற்கட்டி எம் கைக்கு எட்டாமையால் கொழும்பிலிருந்து வேறு பாற்கட்டி தருவித்தோம். அயலிலுள்ள பாண் போறணைக்காரர் விறகடுப்பைத் தந்துதவினார். முதற்சூட்டில் இரண்டு கருகின. அதன்பின் மாணவர் வரிசை நகரத் தொடங்கியது. நண்பர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, அவர்களைப் பார்த்தபடியே மாவைத் தட்டினார். அன்னாசி உண்டோ என்று ஒரு சிறுவன் கேட்டான். இல்லை என்றார், போதும் போதுமென்ற அளவுக்கு வைத்தாயிற்றாம்.