நீரின் தூய்மையும் ஆற்றின் ஓட்டமும்

வெள்ளியங்கிரி மலையிலே தோன்றிக் கோயமுத்தூர், திருப்பூர் வழியே கிழக்கு நோக்கிச் சென்று காவிரியொடு கலக்கும் நொய்யலாற்றின் கரையே யான் பிறந்து வளர்ந்த இடமாகும். எம் இல்லத்திற்கும் ஆற்றிற்கும் இடையே ஒரு தென்னந்தோப்பும், அதன் நடுவே பாட்டனார் தோண்டுவித்த கிணறும் இருந்தன. மழைக்காலத்தில் புதுநீர் வரும்போது அவர் என்னைக் கரைக்கு அழைத்துச் சென்று, “கண்ணு, நிற்கிற தண்ணீருக்குத்தான் நோய், ஓடுகிற தண்ணீர் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும்” என்று சொல்வதுண்டு. அச்சொல்லின் பொருள் அந்நாளில் எனக்கு விளங்கவில்லை.

1992-ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையத்தில் அணை எழுந்தது. பாசனத்தின் பொருட்டுக் கட்டிய அவ்வணையில் மழைநீர் மட்டுமோ தங்கிற்று? மேற்கேயுள்ள சாயப்பட்டறைகளின் கழிவும் வந்து தேங்கிற்று. பருத்தித் துணியிற் சாயம் பற்றுதற்கு உப்பு மிகுதியாய்ச் சேர்ப்பர். நிறத்தைப் போக்கினும், உப்பு சாதாரணச் சுத்திகரிப்பினால் நீங்குவதன்று. ஆற்றிலோ அதனைக் கரைத்துக் கொண்டுபோக நல்ல நீர் இல்லை. தேங்கிய உவர்நீர் நிலத்தடியே கசிந்து கிணறுகளை அடைந்தது. எங்கள் கிணற்று நீர் கரித்தது; தென்னைகள் குரும்பை உதிர்த்து ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போயின. பாட்டனார் பின்னர்த் தோப்பினுள் அடி வைத்திலர்.

விளைநிலம் பாழாகவே, என் தம்பி ஒரு சாயப்பட்டறையில் வேலைக்கு அமர்ந்தான். எம் கிணற்றைக் கெடுத்த தொழிலே எம் அடுப்பையும் எரித்தது. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அன்று தந்தையார் முகம் மலர்ந்தது. வேலையிழந்த தம்பி திண்ணையிற் பேசாதிருந்தான். இரு முகங்களையும் ஒருங்கே கண்ட யான், நீரைப் பற்றிய சட்டம் உண்மையில் எதனைக் காக்கின்றது என்று ஆராயத் தலைப்பட்டேன்.

நம் நாட்டு 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்தபோது வியப்புற்றேன். நஞ்சைக் கொட்டலாகாது என்பதோடு அது நிற்கவில்லை. மாசு மிகுமாறு நீரின் முறையான ஓட்டத்தைத் தடுக்கும் பொருளையும் அறிந்தே இடலாகாது என்கின்றது. பாட்டனாரின் சொல் அங்கே சட்டமாய் நின்றது.

அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்து டோஸ்வாலிப்ஸ் ஆற்றின் வழக்கும் இதனையே விளக்கும். மின்சாரம் எடுப்போர் அவ்வாற்று நீரின் பெரும்பகுதியைச் சுமார் 1.2 மைல் தூரம் வேறு வழியே கொண்டுசெல்லக் கருதினர். சால்மன் மீன்கள் வாழும் ஆறாகலின், பருவத்திற்கேற்ப வினாடிக்கு 100 முதல் 200 கன அடி நீரை ஆற்றிலேயே விடவேண்டுமென மாநிலத்தார் விதித்தனர். தூய்மைச் சட்டம் நீரின் தன்மையைப் பற்றியதேயன்றி அளவைப் பற்றியதன்று என எதிர்ப்பக்கத்தார் வாதிட்டனர். 1994-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நீர் குறையின் ஆற்றின் பயனே அழியுமாதலால், அவ்வேறுபாடு செயற்கையானதென்று முடிவு கூறிற்று. நம் நாட்டிலும் 2018-இல், 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அரித்துவாரம் வரையுள்ள கங்கையில் வரத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை பருவந்தோறும் விடவேண்டுமென ஆணை பிறந்தது.

எனினும், ஓட்டம் கழிவைக் கொட்டுதற்கு உரிமைச்சீட்டன்று. கழிவைத் தடாது நீரை மட்டும் பெருக்குதல், அழுக்கைக் கீழூராருக்கு அனுப்புவதேயாகும். நீரை விடாது கழிவை மட்டும் தடுப்பின் மிஞ்சுவது வறண்ட மணல். இரண்டும் ஒருங்கே வேண்டும்.

இன்று என் தம்பி கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடித்து மீண்டும் தொழிலுக்கே உதவச்செய்யும் நிலையமொன்றில் வேலை பார்க்கின்றான். தந்தையாரும் அவனும் ஒரே பந்தியில் உண்கின்றனர். கிணறு மட்டும் இன்னும் கரிக்கின்றது. மாணவ நண்பர்காள்! தொழிலையும் ஆற்றையும் ஒருங்கே காத்தல் இயலும். ஆயின் காலந்தாழ்த்து வரும் நீதி, பட்டுப்போன தென்னையைத் தளிர்ப்பிக்காது. ஓடும்போதே ஆற்றைக் காப்போமாக.