நெய்தல்காரனும் குறிஞ்சிக்காரியும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர், "ஐயா, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. வெளிநாடு போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. திருமணமாகி 22 ஆண்டுகளாக நானும் என் துணைவியாரும் ஒவ்வொரு விடுமுறையிலும் எங்காவது புறப்பட்டு விடுகிறோம். ஆனால் கடவுச்சீட்டை எடுத்தது மூன்றே முறை. கிள்ளானில் குடியிருப்பவனுக்குத் தீவு, கடற்கரை, மலை மூன்றும் கையெட்டும் தொலைவில் வாய்த்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து முடிப்பதற்கே இந்த 22 ஆண்டுகள் போதவில்லை.

நான் கிள்ளான் துறைமுகத்தை அடுத்து வளர்ந்தவன். என் தந்தையார் அங்கே கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கியவர். துணைவியாரோ கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பன்னிரண்டு வயது வரை அங்கேயே வளர்ந்தவர். நெய்தலுக்கும் குறிஞ்சிக்கும் நடந்த திருமணம் இது. பொருத்தம் பார்த்த சோதிடர் நட்சத்திரத்தைப் பார்த்தாரே ஒழிய, திணையைப் பார்க்கவில்லை! விடுமுறை தோறும் எங்கள் வீட்டில் எழும் வழக்கு ஒன்றே ஒன்றுதான்: கடலா, மலையா?

பெரும்பாலும் கடலே வென்றது. அது என் சாமர்த்தியத்தால் அன்று என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் நண்டுத் தீவு, அதாவது புலாவ் கெத்தாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பெற்றோர் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் தொடர்வண்டி ஏறினால் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். அங்கே இறங்கி நடந்தால் படகுத்துறை. மகிழுந்தே தேவையில்லை. தீவில் சீன மீனவர்கள் சதுப்பு நிலத்தின் மேல் கால் ஊன்றிய வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கே மகிழுந்து ஓடும் சாலை கிடையாது. மிதிவண்டிகளும் மின்சார மிதிவண்டிகளுந்தாம். படகு செல்லும் வழியில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1901இல் திறக்கப்பட்டபோது அதற்கு ஸ்வெட்டன்ஹம் துறைமுகம் என்று பெயர். கிள்ளான் துறைமுகம் என்ற பெயர் 1972இல்தான் வந்தது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கைத் தொட்டு வந்து நின்ற இடமும் இதுவே. நம்மில் பலருடைய பாட்டன் பாட்டியர் இந்நாட்டு மண்ணில் முதலடி வைத்தது இங்கேதான். இதைப் படகிலேயே சொல்லிவிட வேண்டும். கரையேறிய பிறகு பிள்ளைகளின் கவனம் மீன் உருண்டைக்குப் போய்விடும்.

அடுத்தது மோரிப் கடற்கரை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்ற கட்டுரைத் தலைப்பு நாம் எல்லாரும் கொடுப்பது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்ட பிறகும் இத்தலைப்பு ஓய்வு பெறவில்லை. ஓர் ஆண்டு மாணவர் ஒருவர், மோரிப் கடற்கரையின் வெண்மணல் முத்துப்போல் மின்னியதாகவும், நீலக்கடல் தம்மைக் கை நீட்டி அழைத்ததாகவும் எழுதியிருந்தார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் மோரிப்பில் வெண்மணல் இல்லையே! அங்கிருப்பது சாம்பல் நிறச் சேறு. நீர் வற்றும் வேளையில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அலையைத் தொட வேண்டுமானால் முழங்கால் அளவு சேற்றில் நடக்க வேண்டும். மாணவரை அழைத்துக் கேட்டேன். அவர் போனது மெய்தான். மணலின் நிறமும் அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. "கட்டுரையில வெள்ளைன்னுதான எழுதணும், ஐயா?" என்றார்.

அந்தச் சேற்றுக்கே ஒரு வரலாறு உண்டு. 1945 செப்டம்பர் 9ஆம் நாள், சப்பான் சரணடைந்து சில வாரங்களே ஆன நிலையில், பிரிட்டிஷ் தரப்பு இந்தியப் படையினர் மலாயாவை மீட்க இக்கரையில்தான் வந்திறங்கினார்கள். வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. போர் நடந்திருந்தால் என்னவாகியிருக்குமோ! தளபதிகளும் இந்தக் கடற்கரையை நம் மாதிரிக் கட்டுரைகளில் படித்துவிட்டு வந்திருப்பார்களோ என்று துணைவியார் கேட்டார். கரையோரத்தில் இதற்கொரு நினைவுக்கல் உண்டு. அதைக் காட்டிவிட்டு, காலில் அப்பிய சேற்றின் மணத்தை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதுவார்கள்.

மோரிப்புக்குப் போகும் வழியில் கேரித் தீவு. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்ட முதலாளியின் பெயரால் வழங்குவது. லங்காட் ஆற்றின் கிளை பிரிப்பதால் தீவு ஆகிறதே தவிர, பாலம் இருப்பதால் பலர் தீவு என்றே உணர்வதில்லை. எங்கு நோக்கினும் செம்பனை. மா மெரி பழங்குடியினர் மரத்தில் செதுக்கும் முகமூடிகளைக் காணத்தான் மக்கள் வருகிறார்கள். அதுவும் காண வேண்டியதே. அத்தோட்டங்களில் நம்மவர் வாழ்ந்தார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளி எழுப்பினார்கள் என்பதைச் சொல்லும் பலகை எதையும் நான் கண்டதில்லை.

பங்கோர் தீவுக்கு நான்கு முறை போயிருக்கிறோம். லூமுட்டிலிருந்து படகு. தெலுக் கெடோங்கில் ஒல்லாந்தர் ஈய வணிகத்தைக் காக்க 1670இல் கட்டிய கோட்டையின் இடிபாடு இருக்கிறது. 1874 சனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு, அந்தக் கடற்பரப்பைக் கண்ணால் கண்டால் ஆண்டு மறக்காது. தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியும், கடலைப் பார்த்தபடி அமைந்த பத்திரகாளியம்மன் கோயிலும் உண்டு. மாசி மகத்துக்குப் போனால் படகில் இடம் கிடைப்பது அரிது. நெத்திலிக் கருவாடு வாங்க மறவாதீர்கள்.

கடலா மலையா என்ற வழக்குக்கு ஒரே ஒருமுறை சமரசத் தீர்ப்பு கிடைத்தது. கெடாவின் ஜெராய் மலையில். உயரம் 1,217 மீட்டர். உச்சியிலிருந்து ஒரு பக்கம் வயல்வெளி, மறுபக்கம் மலாக்கா நீரிணை. பழங்காலத்தில் வங்கக்கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு இம்மலைதான் அடையாளம். 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரம் இந்த வட்டாரம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மலையின் தெற்கு அடிவாரத்தில், மெர்போக்கில், பூசாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அதனருகே பழைய கற்கோயிலின் அடித்தளத்தை 1960 வாக்கில் மீட்டமைத்து வைத்திருக்கிறார்கள்.

அங்கே என்னைக் கவர்ந்தது வேறொரு தம்பதியரின் கதை. 1930களின் இறுதியில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளரும் அவர் மனைவி டோரதியும் இக்காடுகளிலும் ஆற்றோரங்களிலும் அலைந்து, முப்பது இடங்களைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டார்கள். மலைச்சாரலில் நாம் காணும் கற்கோயில் 8ஆம் எண். கணவனும் மனைவியுமாகச் சுற்றுவதில் இப்படியும் ஒரு பயன் விளைந்திருக்கிறது. 11ஆம் எண்ணைக் காண வேண்டுமென்று ஆசைப்படாதீர்கள். 2013இல் வீடமைப்புப் பணிக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அது இடித்துத் தள்ளப்பட்டது.

"எண் போட்டு வச்சதே போயிடுச்சு. எண்ணே போடாததெல்லாம் என்ன ஆயிருக்கும்ங்க?" என்றார் துணைவியார். மலையிலிருந்து இறங்கி வரும் வழியெல்லாம் அவர் வேறொன்றும் பேசவில்லை.

கடல் ஏன் வென்றது என்று சொல்வதாகக் கூறியிருந்தேன் அல்லவா? பிரேசர் மலைக்கு வந்தார், பினாங்குக் கொடிமலைக்கு வந்தார், ஜெராய்க்கும் வந்தார். பிறந்த கேமரன் மலைக்கு மட்டும் வர மாட்டார். நான் மலை என்று வாயெடுத்தால், "இந்த முறையும் கடலுக்கே போயிடலாங்க" என்று தாமே விட்டுக் கொடுத்துவிடுவார். காரணம் கேட்டால், "அங்க என்ன இருக்கு?" என்பதோடு பேச்சு முடியும். அவர் தாயார் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். நான் மணந்துகொள்வதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

2018 டிசம்பர் விடுமுறையில் அவரே, "மலைக்குப் போவோமா?" என்று கேட்டார். எந்த மலை என்று நான் கேட்கவில்லை.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் குறித்து வைத்த மலைநாடு அது. 1929இல் ரசல் என்பவர் அங்கே முதல் பெரிய தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இவ்விரு பெயர்களும் எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் உண்டு. காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர் என்பதும் சில கையேடுகளில் ஒரு வரியாக வருகிறது.

நாங்கள் போன தோட்டத்தில் சரிவின் மேல் கண்ணாடித் தடுப்புடன் ஒரு தேநீர்க்கடை. கூட்டம் நெருக்கியடித்தது. எல்லாரும் பச்சை வரிசைகளுக்கு முதுகு காட்டி நின்று படமெடுத்துக் கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்று இரண்டு கோப்பைத் தேநீர் வாங்கினோம். துணைவியார் கோப்பையைக் கையில் வைத்திருந்தாரே தவிர, குடிக்கவில்லை. பிறகு கீழே கைகாட்டி, "அந்த வளைவுக்கு அந்தாண்டதாங்க எங்க ஆயாக் கொட்டகை" என்றார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். விடியற்காலைப் பெரட்டுக்கு அம்மா இருட்டில் எழுந்து போவது. பனியில் செடிகள் நனைந்திருப்பதால் இடுப்பில் நெகிழித் தாள் சுற்றிக் கொள்வது. அப்படியும் மாலையில் புடைவை ஈரமாகவே இருப்பது. மண்டோர் நிறுவைக்கு முன் கூடையை உலுக்கிப் பார்ப்பது. முற்றிய இலை கலந்திருந்தால் எடை கழிப்பது. அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்குமாம். பள்ளிக்கு வந்த நாளில் அம்மா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் பேசினாராம். இத்தனை ஆண்டுகளில் இவற்றுள் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

பக்கத்து மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம். ஏழெட்டு வயதுச் சிறுமி, "அப்பா, இதையெல்லாம் யார் இப்படி வரிசையா வெட்டினாங்க?" என்று கேட்டாள். தந்தை, "மெஷின்மா" என்றார். அவர் சொன்னதும் தவறில்லை. இப்போது கத்தரியும் இயந்திரமுந்தான். அவற்றைப் பிடிப்பவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். துணைவியார் எழுந்து அவர்கள் மேசைக்குப் போனார். முன்பின் தெரியாதவர்களிடம் வலியப் பேசும் இயல்புடையவர் அல்லர் அவர். கீழே வரப்போரம் இருந்த செடிக்குச் சிறுமியை அழைத்துச் சென்று, தொட்டுக் காட்டினார்: இரண்டு இலை, ஒரு மொட்டு, நகத்தால் கிள்ளக் கூடாது, விரலால் ஒடிக்க வேண்டும், வெட்டாமல் விட்டால் இது மரமாகிவிடும், நூறாண்டுகூட உயிரோடிருக்கும். "அப்ப இது உங்கம்மா கிள்ளின செடியா, ஆன்ட்டி?" என்றாள் சிறுமி. "இருக்கலாம்மா" என்றார்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைப் பார்க்க நடந்தோம். விடுமுறையாதலால் கதவு பூட்டியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று தம் வகுப்பறைச் சன்னலை அடையாளம் காட்டினார். லயங்களில் இரண்டு வரிசைகள் இல்லை. அவ்விடத்தில் முட்டைக்கோசு போட்டிருந்தார்கள்.

பெற்றோர்களே, கேமரன் மலைக்குப் போனால் செம்புற்றுப்பழத் தோட்டமும் பூக்கடையும் பிள்ளைகளைத் தாமே இழுத்துக்கொள்ளும். உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் பிறந்த பெரியவர் யாரேனும் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்னிருக்கையை அவருக்குக் கொடுங்கள். தேயிலையோ, பால்மரமோ, செம்பனையோ, வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் பேசாமலிருந்தால் போதும்.

வரும் விடுமுறையில் நாங்கள் மறுபடியும் போகிறோம். இம்முறை பந்திங்கில் இருக்கும் துணைவியாரின் மூத்த அக்காவும் வருகிறார். அவருக்கு வயது 62. தோட்டத்தை விட்டு வந்த பின் ஒருமுறைகூட மலையேறியதில்லை. அவருக்கு வளைவுச் சாலை ஒத்துக்கொள்ளாது என்பதால் தாப்பா வழியை விட்டுவிட்டு, சிம்பாங் பூலாய் வழியாகச் செல்லவிருக்கிறோம். தூரம் கூடுதல்தான், வளைவுகள் குறைவு.