தெரிந்த பாட்டில் தெரியாத வழி

அச்சும் ஆலாபனையும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் அகல் விளக்குகளும் கொலுப் பொம்மைகளும் அச்சில் வார்க்கப்படுகின்றன. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்தினால் ஆன அச்சுக்குள் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் உட்சுவரில் படிந்து இறுகும். எஞ்சிய கூழை வடித்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை வெளிவரும். முதற் பொம்மையும் நூறாவது பொம்மையும் ஒன்றுபோல் இருத்தலே அத்தொழிலின் நேர்த்தி.

அந்நகரை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற வெள்ளாற்றங்கரை ஊர்களில், திருவிழா இரவில் நாகசுரம் ஒலிக்கத் தொடங்கும்போது நேர்த்தியின் இலக்கணமே மாறிவிடுகிறது. இராகம் ஊரார் பலமுறை கேட்டதுதான். ஆயினும் நேற்று வாசித்ததை அப்படியே இன்றும் வாசித்தால் கேட்போர் முகம் வாடும். திருவாவடுதுறை இராசரத்தினம் (1898-1956) தோடி இராகத்தை வாசித்தபோது, முன்னரே கேட்டவர்களும் மீண்டும் கேட்கத் திரண்டனர். இம்முறை அது எவ்வாறு விரியுமோ என்னும் ஆவலே அவர்களை ஈர்த்தது. கற்ற இலக்கணத்துள் நின்று, வாசிக்கும் கணத்திலேயே புதியதைப் படைக்கும் இவ்வாற்றலை நம் இசையுலகம் 'மனோதர்மம்' என வழங்குகிறது.

இத்தகைய படைப்பாற்றலை உயிர்மூச்சாகக் கொண்ட மற்றோர் இசை கடல் கடந்த அமெரிக்காவில் பிறந்தது. அதன் பெயர் ஜாஸ். அவ்விசையைப் பியானோவில் தனியொருவராக வாசிக்கக் கற்பது எத்தகைய பயிற்சி என்பதையும், தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த ஒருவர் அதனை எவ்வாறு தமதாக்கிக்கொண்டார் என்பதையும் அறிவது, கல்வியைப் பற்றிய நம் எண்ணத்தையும் தெளிவாக்கும்.

நிலைத்த பாடல்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் உருவாக்கிய இசை ஜாஸ். வயல்வெளிகளில் பாடிய உழைப்புப் பாடல்கள், தேவாலயப் பாடல்கள், 'புளூஸ்' என்னும் துயரப் பாடல்கள், தெருவில் அணிவகுத்துச் செல்லும் ஊதுகருவிக் குழுக்களின் இசை ஆகிய பல ஓடைகள் கூடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இவ்விசை உருப்பெற்றது. உரிமை மறுக்கப்பட்ட மக்கள், எவரும் பறிக்க இயலாத உரிமையொன்றைத் தம் இசைக்குள் நிலைநாட்டினர். தம் குரலில், தம் விருப்பப்படி, அந்தக் கணத்தில் பேசும் உரிமையே அது.

நியூயார்க் நாடக அரங்குகளிலும் திரைப்படங்களிலும் 1920 முதல் 1940 வரையிலான ஆண்டுகளில் பிறந்த பாடல்கள் பலவற்றை ஜாஸ் கலைஞர்கள் எடுத்து, உருமாற்றி வாசித்தனர். படமும் நாடகமும் மறக்கப்பட்ட பின்னரும் பாடல்கள் வழக்கில் நிலைத்தன. அவ்வாறு நிலைத்தவற்றை 'ஸ்டாண்டர்டு' என்பர். இவற்றுள் பல, நான்கு எண்ணிக்கை கொண்ட 32 ஆவர்த்தனங்களில் அமைந்தவை. எட்டு ஆவர்த்தனங்கள் கொண்ட முதற்பகுதி இருமுறை வரும். அடுத்து வேறுபட்ட இடைப்பகுதி. இறுதியில் மீண்டும் முதற்பகுதி.

கலைஞர் முதலில் பாட்டின் மெட்டை வாசிப்பார். பின்னர் மெட்டு மறையும். ஆனால் அதன் அடியில் ஓடிய 'கார்டு' எனப்படும் சுரக்கூட்டுகளின் வரிசை மாறாமல் சுழன்றுகொண்டேயிருக்கும். அவ்வரிசையின்மீது கலைஞர் புதிய மெட்டுகளை அக்கணமே புனைந்துகொண்டு செல்வார். நம் இசையில் நிரவல் செய்யும்போது பாட்டின் ஓரடி நிலையாக நிற்க, அதன் இசைவடிவம் புதிது புதிதாக மாறுகிறது அல்லவா? அங்கே நிலைத்து நிற்பது சொல். இங்கே நிலைத்து நிற்பது சுரக்கூட்டுகளின் பாதை.

இரு கைகளின் பாடம்

ஜாஸ் குழுவில் அடிநாதத்தைப் 'பேஸ்' என்னும் பெருநரம்புக் கருவி தாங்கும். தாளத்தை முழவுகள் காக்கும். தனியே அமரும் பியானோக் கலைஞருக்கோ அத்துணைகள் இல்லை. 88 கட்டைகளும் பத்து விரல்களுமே அவருடைய குழு. எனவே இடக்கை அடிநாதமும் தாளமும் ஆகவேண்டும். வலக்கை பாட வேண்டும். 'ஸ்டிரைடு' என்னும் பழைய முறையில், ஒன்றாம் மூன்றாம் எண்ணிக்கைகளில் இடக்கை தாழ்ந்த சுரத்தைத் தொடும். இரண்டாம் நான்காம் எண்ணிக்கைகளில் மேலே தாவிச் சுரக்கூட்டை ஒலிக்கும். ஜேம்ஸ் பி. ஜான்சன் (1894-1955), ஃபாட்ஸ் வாலர் (1904-1943) போன்றோர் இம்முறையில் தேர்ந்தவர்கள். பார்வை பெரிதும் குன்றியிருந்த ஆர்ட் டேட்டம் (1909-1956) இதனைச் செவியாலேயே உள்வாங்கி, பிற பியானோக் கலைஞர்கள் மலைத்து நிற்கும் வேகத்திற்கும் நுட்பத்திற்கும் உயர்த்தினார்.

தொடக்க நிலை மாணவர் அவ்வேகத்தை நாடுவதில்லை. முதலில் அவர் பாட்டின் மெட்டை வாயால் பாடிப் பழகுகிறார். அடுத்து, ஒவ்வொரு கூட்டின் அடிச்சுரத்தையும் இடக்கையால் தொடுகிறார். அதன்பின் கூட்டின் இயல்பைப் புலப்படுத்தும் இரு சுரங்களை மட்டும் தேர்கிறார். அடிச்சுரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதும் ஏழாவதுமாக வரும் சுரங்கள் அவை.

நம் சங்கராபரண இராகத்தின் சுரங்களைக்கொண்டே இதனை விளக்கலாம். ஜாஸ் பாடல்களில் மிகுதியாக வரும் தொடரொன்று ரிஷபத்தை அடியாகக் கொண்ட கூட்டில் தொடங்கி, பஞ்சமக் கூட்டின் வழியாகச் சட்ஜக் கூட்டை அடையும். முதற் கூட்டின் மூன்றாம் ஏழாம் சுரங்கள் 'ம', 'ஸ'. இரண்டாவதன் சுரங்கள் 'நி', 'ம'. மூன்றாவதன் சுரங்கள் 'க', 'நி'. இப்போது விரல்களைக் கவனிக்க வேண்டும். முதல் மாற்றத்தில் 'ம' அசையாமல் நிற்க, 'ஸ' மட்டும் அடுத்த கட்டைக்கு இறங்கி 'நி' ஆகிறது. அடுத்த மாற்றத்தில் அந்த 'நி' நிற்க, 'ம' மட்டும் அடுத்த கட்டைக்கு இறங்கிக் 'க' ஆகிறது. ஒரு விரல் நிற்கிறது. மற்றொரு விரல் ஒரே ஓர் அடி நகர்கிறது. கேட்பவருக்கோ வீட்டை விட்டுப் புறப்பட்டுச் சென்று, மீண்டும் வீட்டுக்குத் திரும்பியது போன்ற நிறைவு கிட்டுகிறது.

இத்தொடரைப் பன்னிரண்டு சுரத்தானங்களையும் தனித்தனியே சட்ஜமாகக் கொண்டு பழகும் மாணவர்க்குப் பாதை விரல்களில் பதிந்துவிடுகிறது. பாதை பதிந்த பின்னரே மனம் பாதையை மறந்து, சுற்றியுள்ள காட்சியைக் காணத் தொடங்கும். வலக்கையின் கற்பனை பிறக்கும் இடம் அதுவே. முதலில் மெட்டில் ஒரு சுரத்தைச் சற்றுத் தாமதித்து ஒலிப்பது, பின்னர் ஒரு சுரத்தைச் சேர்ப்பது, பின்னர் ஒன்றை விட்டுவிடுவது எனச் சிறு சிறு மாற்றங்களாகவே அது வளர்கிறது.

விட்டுவிடுதலும் ஒரு கலை என்பதை உணர்த்தியவர் தெலோனியஸ் மாங்க் (1917-1982). 1957-லும் 1965-லும் வெளிவந்த அவருடைய தனிப் பியானோ இசைத்தட்டுகளில் பழைய ஸ்டாண்டர்டு பாடல்கள் இடம்பெற்றுள்ளன. மற்றவர் பத்துச் சுரங்களை நிரப்பும் இடத்தில் அவர் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். அந்த மௌனத்தில், கேட்பவரின் செவி அடுத்த சுரத்தைத் தேடிச் செல்லும்.

செவிவழிக் கற்ற தமிழர்

மாங்கின் இசையைத் தம் வழிகாட்டியாகக் கொண்டவர்களுள் ஒருவர் விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் கற்கத் தொடங்கி, 15 ஆண்டுகள் மேற்கத்தியச் செவ்வியல் முறையில் பயின்றார். வயலின் பாடம் எழுதப்பட்ட இசைக்குறிப்பைப் பிழையின்றி வாசிக்கும் ஒழுங்கைத் தந்தது. வீட்டில் தமக்கை பயின்ற பியானோ ஒன்றும் இருந்தது. அதில் முறையான பாடமின்றி, கேட்டவற்றைத் தேடித் தேடி வாசித்தே பெரும்பாலும் தாமாகக் கற்றார். கண்வழிக் கல்வி ஒரு கருவியிலும் செவிவழிக் கல்வி மற்றொரு கருவியிலும் அவருக்கு வாய்த்தன எனலாம்.

யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்ற அவர், மேற்படிப்புக்காக பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் சென்றார். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். உறுதியான ஓர் எதிர்காலம் கண்முன் இருந்தது. ஆயினும் அப்பகுதியின் ஜாஸ் அரங்குகளில் வாசித்தும், ஸ்டீவ் கோல்மன் முதலிய மூத்த கலைஞர்களோடு பழகியும் வந்த அவர், இசையையே தம் வாழ்வாகத் தேர்ந்தார். கல்வியை அவர் கைவிடவில்லை. ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசையில் மனித உடலும் அறிவும் எவ்வாறு இணைந்து இயங்குகின்றன என்பதை ஆராய்ந்து 1998-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் முன் நின்ற கேள்வி எளியதன்று. ஜாஸ் என்பது துன்புற்ற ஒரு மக்களினத்தின் வரலாற்றிலிருந்து எழுந்த குரல். வேறொரு நாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை அதில் எந்த உரிமையோடு பேசுவது? அக்குரலை அப்படியே படியெடுத்தால் அது அச்சில் வார்த்த பொம்மையாகிவிடும். அதன் வரலாற்றை மறந்து தன் விருப்பப்படி கையாண்டாலோ அது பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழைந்ததாகிவிடும். அவருடைய இசைவாழ்வில் இதற்கான விடையைக் காணலாம். முன்னோரைப் பணிந்து கற்றல், கற்றதைத் தன் குரலில் திருப்பிச் சொல்லுதல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அவ்விடை.

2010-இல் வெளிவந்த 'சோலோ' என்னும் அவருடைய தனிப் பியானோ இசைத்தொகுப்பு இதற்குச் சான்று. ஜிம்மி வான் ஹூசன் 1939-இல் இசையமைத்த 'டார்ன் தட் டிரீம்' என்னும் ஸ்டாண்டர்டு, டியூக் எலிங்டனின் படைப்புகள், மாங்கின் 'எபிஸ்ட்ரஃபி' ஆகியவற்றோடு, மைக்கேல் ஜாக்சன் பாடிப் புகழ்பெற்ற 'ஹியூமன் நேச்சர்' பாடலும் அதில் இடம்பெற்றுள்ளது. தம் தலைமுறை கேட்டு வளர்ந்த பாடலையும் பழைய ஸ்டாண்டர்டுக்கு நிகராக மதித்து அவர் வாசித்தார். ஒரு காலத்தில் நாடகப் பாடல்கள் ஜாஸுக்குள் நுழைந்தது இவ்வாறுதானே! மரபின் செயலைத் தொடர்வதே மரபைக் காப்பதாகும் என்பதை அத்தொகுப்பு உணர்த்துகிறது. 2013-இல் மெக்ஆர்தர் நல்கை அவருக்கு வழங்கப்பட்டது. 2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மனப்பாடமும் மனோதர்மமும்

சொந்தமாகச் சிந்திப்பவருக்கு மனப்பாடம் வேண்டியதில்லை என்றும், மனப்பாடம் செய்பவர் சிந்திப்பதில்லை என்றும் இருவேறு கருத்துகள் மாணவரிடையே உலவுகின்றன. இரண்டும் முழுமையான உண்மையல்ல என்பதைத் தனியே அமர்ந்து பழகும் பியானோ மாணவர் அறிவார். 32 ஆவர்த்தனங்களும் நெஞ்சில் பதியாதவருக்குக் கற்பனை தோன்றினும், அதனை எங்கே வைப்பது என்று தெரியாது. அவை பதிந்த அளவில் நின்றுவிட்டவருக்கோ பாட்டு இருக்கும். சொல்வதற்குத் தமக்கென ஒன்றும் இராது.

ஆதலால் பயிற்சியின் அளவுகோலும் மாறுகிறது. பிழையின்றி ஒருமுறை வாசித்து முடிப்பது முதற்படியே. அதே பாட்டை மறுநாள் ஒரு சுரமேனும் தம் எண்ணத்தால் மாற்றி வாசித்து, அம்மாற்றம் பாட்டின் பாதையோடு பொருந்துகிறதா எனச் செவியால் சோதிப்பது அடுத்த படி. பொருந்தாதபோது பாதை நின்று காத்திருப்பதில்லை. அடுத்த ஆவர்த்தனம் வந்துவிடுகிறது. பொருந்தாத சுரத்திலிருந்து பொருந்தும் சுரத்துக்கு அப்போதே வழிகண்டு, பாட்டை நிறுத்தாமல் முன்செல்லக் கற்கிறார் மாணவர். அந்த வழி முன்னரே எவரும் எழுதிவைத்ததன்று. அது அவர் விரல்கள் அன்று கண்ட வழி.