சீட்டு யார் கையில்?

பிழைப்பு நாடிக் கடல் கடத்தல் தமிழர்க்குப் புதுவதன்று. கப்பலேறிய காலம் போய் ஆகாய விமானம் ஏறும் காலம் வந்திருக்கிறது. பால்மரம் சீவச் சென்ற குடும்பத்தில் அணுவுலை காக்கச் செல்ல விரும்பும் பிள்ளை பிறந்திருக்கிறது. ஊர்தி மாறிற்று, தொழிலும் மாறிற்று. ஏற்றிவிடுவோன் கையிலிருக்கும் சீட்டு மட்டும் மாறிற்றா? இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பியவள் எம் தங்கை மகள். அவள் பொருட்டு எம் குடும்பம் பட்ட பாட்டை ஈண்டு எழுதுகின்றோம். வீட்டுக் கதையை ஊரறியச் சொல்வது பெருமைக்கன்று. பட்டம் பெற்று நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர்க்குப் பயன்பட வேண்டும் என்பதற்கே.

பூச்சோங்கை இன்று காண்போர் மாடி வீடுகளையும் கடைத் தெருக்களையும், 2016 முதல் தலைக்கு மேலே ஓடும் இரயிலையும் காண்பர். யாம் சிறுவராய் இருந்த நாளில் இங்கே கண்டவை இரண்டே: ஒருபுறம் ரப்பர்த் தோட்டம், மறுபுறம் ஈயச் சுரங்கம். எம் பாட்டனார் 1927இல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா'க் கப்பலேறி வந்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குச் செல்வார். அவரை அழைத்து வந்தவர் ஊரார் ஒருவரே, கங்காணியார். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. 1907இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதி கப்பற் செலவை ஏற்றது. சட்டப்படி பாட்டனார் எவர்க்கும் அடிமையல்லர். ஆயினும் ஊர்க்கடனைத் தீர்க்கக் கங்காணியார் தந்த முன்பணம் இருந்தது. ஆள் வேலைக்கு வரும் நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் தோட்டம் மாறினால் அக்காசு போயிற்று. ஆதலின் மாறவிட அவருக்கு மனம் வருமோ? முன்பணம் தீரும்வரை பாட்டனார் அத்தோட்டத்தை விட்டு நகரவில்லை. தீர்ந்தபின் பெற்ற துண்டுச் சீட்டைத் தகரப் பெட்டியில் வைத்துப் போற்றினார். அப்பெட்டி இன்றும் எம் தங்கை வீட்டில் உளது.

நிற்க. தங்கை மகள் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் அணுப் பொறியியல் பயின்று பட்டம் பெற்றாள். பெற்றபின் வேலை எங்கே? மலேசியாவில் அணுமின் நிலையம் ஒன்றேனும் இல்லை. பூச்சோங்கிற்கு அண்மையில், பாங்கியில், ஆராய்ச்சிக்கென ஓர் உலை உண்டு. 1982ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அது முதன்முதல் இயங்கிற்று. அதன் ஆற்றல் ஒரு மெகாவாட்டு. மின்சாரம் தருவதற்கன்று, கதிரியக்கப் பொருள் ஆக்குதற்கும், பொருள்களை ஆராய்தற்கும், மாணவரைப் பழக்குதற்கும் ஏற்பட்டது. அணுமின் நிலையம் அமைக்க எண்ணி 2011இல் அரசு ஒரு கழகம் நிறுவிற்று. அவ்வாண்டு மார்ச்சிலேயே ஜப்பானில் புக்குஷிமா விபத்து நேர்ந்தது. 2018இல் ஆட்சி மாறியபின் அவ்வெண்ணமே கைவிடப்பட்டது. 2025இல் வெளிவந்த 13ஆம் மலேசியத் திட்டம் அணுமின்சாரத்தை மீண்டும் பேசுகிறது. பேச்சு உலையாகப் பல்லாண்டு செல்லும். இருபத்து மூன்று வயதுப் பெண் அதுவரை காத்திருப்பளோ? வெளிநாடு செல்வேன் என்றாள்.

அப்போதுதான் நகரத்தில் வேலை தேடித் தருவார் ஒருவர் எம் தங்கைக்கு அறிமுகமானார். பிரிட்டனில் அணுமின் நிலையமொன்றில் பொறியாளர் வேலை. விசாவிற்குக் கம்பெனியே பொறுப்பேற்கும். 18,000 வெள்ளி கட்டினால் ஆறு வாரத்தில் பயணம் என்று அழகிய தாளில் ஒரு கடிதமும் காட்டினார். சோதிடரும் மேற்குத் திசை நன்றென்று சொல்லிவிட்டார். தங்கை தன் வளையல்களையும் தாலிக்கொடியையும் துணியில் முடிந்து அடகுக் கடைக்குப் புறப்பட்டாள். யாமும் தடுத்தோமில்லை, பாதித் தொகை எம் கையிருப்பிலிருந்து தருவதாகவே சொன்னோம். மெத்தப் படித்தோம் என்னும் செருக்குடைய எமக்கு அன்று தோன்றாத கேள்வி அப்பெண்ணுக்குத் தோன்றிற்று.

"மாமா, என்னை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையே, அணுவுலைக்குள் விடுகிறவர்கள் ஆளைப் பாராமலே சேர்த்துக்கொள்வார்களா?" என்றாள்.

அன்றிரவே அவள் ஆராயத் தொடங்கினாள். வெளிநாட்டாரை வேலைக்கு அழைக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் உள்துறை எவரும் காண வெளியிட்டு வருகிறது. கடிதத்திலிருந்த கம்பெனி அதில் இல்லை. மேலும், 2025 ஜூலை முதல் தேர்ச்சித் தொழிலாளர் விசாவிற்கு ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுனுக்குக் குறையலாகாது. கடிதத்தில் கண்ட சம்பளமோ அதனிலும் மிகக் குறைவு. நம் நாட்டிலும் ஆள் சேர்ப்போர் 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் பெறுதல் வேண்டும். உரிம எண் யாதென்று யாம் நேரிற் சென்று வினவியபோது அம்மனிதர் தேநீர் வரவழைத்தாரேயன்றி விடை தரவில்லை. மறுமாதம் அவ்விடத்தில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை இருந்தது. வளையல் தப்பிற்று. எம் செருக்குத்தான் அடகு போயிற்று.

அணுத் துறையில் அயல்நாட்டு வேலைக்கு மூன்று பூட்டுகள் உள என்பதை அதன்பின் அறிந்தோம். முதற்பூட்டு, ஸ்பான்சர் என்று இன்று வழங்கும் பொறுப்பேற்பு. பிரிட்டனில் உரிமம் பெற்ற முதலாளி அதனைத் தருதல் வேண்டும். அமெரிக்காவில் முதலாளி மனுச் செய்தாலும், பெருவாரியான கம்பெனிகளுக்கு ஆண்டிற்கு 85,000 விசா என்னும் வரம்பு உண்டு. மனுக்கள் மிகுந்தால் நம் முன்னோர் குடவோலை போலக் குலுக்கி எடுப்பர்.

இரண்டாம் பூட்டு, ஆளின் பின்னணிச் சோதனை. பிரிட்டனில் உயர்ந்த பாதுகாப்பு அனுமதி கோரும் வேலைகளுக்கு வழக்கமாக ஐந்தாண்டு அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். நேற்று இறங்கியவர்க்கு அது கிட்டுவதரிது.

மூன்றாம் பூட்டு, எந்நாட்டுக் குடி என்பது. அணு நுட்பம் மின்விளக்கும் ஏற்றும், குண்டும் செய்யும். ஆதலின் அயல்நாட்டான் ஒருவனுக்கு அமெரிக்க மண்ணிலேயே அந்நுட்பத்தைக் கற்பித்தாலும், அவன் நாட்டிற்கு அதனை ஏற்றுமதி செய்ததாகவே அந்நாட்டு விதி கொள்கிறது. பல நாட்டார் திறத்தில் எரிசக்தித் துறையின் தனியிசைவு தேவை. பிரான்சில் கட்டப்பெறும் 'ஈட்டர்' என்னும் அணுப்பிணைவு உலையை நடத்துவோர் எழுவர்: ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா. அங்கே நிலைப்பணி அவ்வெழுவர் குடிகளுக்கே. கல்பாக்கத்துத் தமிழ்ப் பெண் மனுச் செய்யலாம். பூச்சோங்குத் தமிழ்ப் பெண் செய்தல் இயலாது. அறிவில் ஏற்றத்தாழ்வு இல்லை. கடவுச்சீட்டின் அட்டையில்தான் வேற்றுமை.

இப்பூட்டுகளுள் பின்னிரண்டும் நாடுகள் தத்தம் அச்சத்தாற் பூட்டியவை. நாம் வைது பயனில்லை. நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது முதற்பூட்டே. முதலாளி பொறுப்பேற்று அழைத்த ஆள் முதலாளியை விட்டு நீங்கினால் என்னாம்? பிரிட்டனில் வேறு பொறுப்பாளரைத் தேட வழக்கமாக 60 நாள் தருவர். அமெரிக்காவிலும் 60 நாள் வரையே. சம்பளம் உயர்வு, வீடு வசதி, சட்டக் காப்பும் உண்டு. இவற்றைக் கங்காணி முறையோடு ஒப்பிடுதல் பெரும்பிழை. எனினும் ஒன்றுமட்டும் ஒக்கும்: நாட்டில் நிற்கும் உரிமை வேலை தருவோன் கைச்சீட்டில் தொங்குகிறது. பாதுகாப்பில் குறை கண்டால் அஞ்சாது எடுத்துரைப்பதே அணுவுலைப் பணியாளரின் தலையாய கடமை. 60 நாளில் மூட்டை கட்ட நேரும் என்று அஞ்சுவோர் அக்கடமையை எங்ஙனம் ஆற்றுவர்? இது தொழிலாளர்க்கு மட்டுமன்று, உலைக்கும் நன்றன்று.

இங்ஙனமாயின் செல்லவே வேண்டாமா? அங்ஙனம் யாம் கூறவில்லை. திறந்த கதவுகளை அறிந்து செல்க என்பதே எம் கருத்து. அபுதாபியில் பராக்கா என்னுமிடத்தில் கொரியர் கட்டிய நான்கு உலைகள் உள. முதல் உலை 2020இல் மின்சாரம் தந்தது. நான்காவது 2024இல் வணிக முறையில் இயங்கத் தொடங்கிற்று. நான்கும் சேர்ந்து 5,600 மெகாவாட்டு. பல நாட்டுப் பொறியாளர் அங்கே பணி செய்கின்றனர். அங்கும் தங்கும் உரிமை வேலையோடு கட்டுண்டதே. கனடாவின் வழி வேறு. வயது, கல்வி, மொழி, தொழிற்பயிற்சி ஆகியவற்றிற்குப் புள்ளியிட்டு, முதலாளி இன்றியே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு அழைக்கின்றனர். வெளியிலிருந்து செல்லும் தேர்ச்சித் தொழிலாளர்க்கு ஓராண்டேனும் தொழிற்பயிற்சி வேண்டும். 2025 மார்ச் முதல் வேலை வாக்குறுதிக் கடிதத்திற்குத் தனிப் புள்ளியும் இல்லை. கடிதம் விற்போர் இதனைச் சொல்லமாட்டார். பிக்கரிங், டார்லிங்டன் அணுமின் நிலையங்கள் தமிழர் மிக்கு வாழும் டொரண்டோவிற்குக் கிழக்கே உள. பாதுகாப்புச் சோதனை அங்கும் உண்டு. ஆயின் தங்கும் உரிமையோடு காத்திருப்பவர் தம் காலில் நின்று காத்திருக்கலாம்.

பெண்மக்களுக்கு மற்றொரு கதவும் உண்டு. வியன்னாவிலுள்ள பன்னாட்டு அணுசக்தி முகமை, அணுத்துறையில் முதுநிலைக் கல்வி பயிலும் பெண்களுக்கென 2020இல் மேரி கியூரி பெயரால் உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்திற்று. கல்விக் கட்டணத்திற்கு ஆண்டிற்கு 10,000 யூரோ வரையும், வாழ்க்கைச் செலவிற்கு அவ்வளவு வரையும் அளிப்பர். மலேசியா 1969 முதல் அம்முகமையின் உறுப்பு நாடு. வார்சா பல்கலைக் கழகம் பெண்களைச் சேர்க்காமையால் 1891இல் பாரிசுக்குத் தனியே சென்றவர் அவ்வம்மையார். "பெண் பிள்ளையைத் தனியே அனுப்புவதா?" என்போர் இதனைச் சிறிது சிந்திப்பாராக.

எம் தங்கைக்கு வேறோர் அச்சமும் இருந்தது. கதிர் என்றாலே நோய் என்றாள். அதனை மூடநம்பிக்கை என்று தள்ளல் ஆகாது. ஈபோவை அடுத்த புக்கிட் மேராவில் மானசைட்டு மணலைப் பதப்படுத்திய ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் வழக்காடினர். 1994இல் ஆலை மூடப்பட்டது. அம்மணல் எங்கிருந்து வந்தது? ஈயம் அரித்தபின் எஞ்சும் 'அமாங்' என்னும் கழிவிலிருந்து. தோரியமும் கதிர் வீசும் என்று 1898இல் கண்டோருள் மேரி கியூரியும் ஒருவர். ஈயச் சுரங்கத்துப் பிள்ளைகளாகிய நாம் அணுவிற்கு அயலார் அல்லேம். அறியாது அதன்மேல் நடந்தோம். அறிந்து காப்போர் நம்முள் தோன்றுதல் வேண்டும். அச்சத்திற்கு மருந்து அறிவும் அளவுகோலுமே.

தங்கை மகள் இப்பொழுது கிள்ளானில் வேலை செய்கிறாள். எண்ணெய்க் குழாய்களின் பற்றவைப்பைக் காமாக் கதிரால் படமெடுத்துக் குறை காணும் தொழில். வெயிலில் தலைக்கவசமும், மார்பில் கதிரளவு காட்டும் வில்லையும் அணிந்து நிற்கிறாள். பட்டத்திற்குத் தக்க வேலையன்று என்று உறவினர் சிலர் முணுமுணுத்தனர். ஆயின் கதிர்ப் பாதுகாப்புப் பயிற்சி ஏறுகிறது, சான்றிதழ் சேர்கிறது, ஓராண்டுத் தொழிற்பயிற்சியும் நிறைவுறப் போகிறது. இவை யாவும் அவள் பெயரில் உள்ளவை. உதவித்தொகைக்கும் மனு அனுப்பியிருக்கிறாள். விடை இன்னும் வரவில்லை. அஞ்சல் வரும் வேளையில் தங்கை வாயிற்படியில் நிற்பதும், மின்னஞ்சலில்தான் வரும் என்று மகள் சிரிப்பதும் நாள்தோறும் நிகழ்வன.

சான்றிதழ்களை வைக்கப் பாட்டனாரின் தகரப் பெட்டியையே கேட்டு வாங்கிக்கொண்டாள். கடன் தீர்ந்த அத்துண்டுச் சீட்டு இன்னும் அதன் அடியில் கிடக்கிறது.

பெற்றோரே! பிள்ளையை அயல்நாட்டிற்கு அனுப்புமுன், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், சீட்டு யார் கையில் என்றும் கேளுங்கள். விலை கூறப்படும் வேலைக் கடிதத்தை ஒருபோதும் வாங்காதீர்கள். வளையல் விற்றே தீர வேண்டுமாயின் கல்விக்கு விற்றிடுங்கள். அச்சீட்டு ஒன்றே எவராலும் திரும்பப் பெற இயலாதது.