ஒருவர் கையிலிருந்து ஜமாஅத்தின் கைக்கு



பள்ளிவாசலுக்கென ஒருவர் தென்னந்தோப்பு ஒன்றை வக்ஃபு செய்கிறார். அவர் உள்ளவரை தோப்பு செழிக்கிறது. அவருக்குப் பின்னும் அது செழிக்க வேண்டுமானால் பத்திரம் தெளிவாக இருக்க வேண்டும்; கணக்கு எழுதப்பட வேண்டும்; ஒரு முதவல்லிக்குப் பின் மற்றொருவர் பொறுப்பேற்க வழி இருக்க வேண்டும். இவை யாவும் நாம் அறிந்தவையே. மென்பொருளுக்கும் இந்நியதி பொருந்தும் என்பதை, தொழுகை நேரம் கணக்கிடும் சிறு மென்பொருள் ஒன்றைப் பேணிவரும் நாங்கள் ஐவரும் சில ஆண்டுகளாக உணர்ந்து வருகிறோம்.

அம்மென்பொருளை எழுதத் தொடங்கியவர் வளைகுடாவில் பணியாற்றிய எங்கள் மூத்த சகோதரர் ஒருவர். நிலையான தர்மமாக அமைய வேண்டும் என்னும் நிய்யத்துடன், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருளாகவே அதை வெளியிட்டார். சூரியன் அடிவானத்திற்குக் கீழே எத்தனை பாகை இறங்கியுள்ளது என்பதைக் கொண்டு ஃபஜ்ரும் இஷாவும் கணிக்கப்படுகின்றன. உலக முஸ்லிம் லீக்கின் முறையில் ஃபஜ்ருக்கு 18 பாகை, இஷாவுக்கு 17 பாகை. வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் முறையில் இரண்டுக்கும் 15 பாகை. அஸருக்கு ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் நிழல் அளவுகள் வேறுபடுகின்றன. இவை அனைத்தையும் அவர் தனியொருவராகவே எழுதி, தனியொருவராகவே காத்து வந்தார். நாங்கள் பிழை கண்டால் தெரிவிப்போம். திருத்தம் எழுதி அனுப்புவோம். ஏற்பதும் வெளியிடுவதும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் எகிப்து அரசு கோடைக்கால நேர மாற்றத்தை மீண்டும் நடைமுறைப்படுத்தியது. மாதத்தின் கடைசி வெள்ளியன்று கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. எங்கள் மென்பொருளிலிருந்த பழைய அட்டவணைக்கு அம்மாற்றம் தெரியாது. திருத்தாவிடில், கடிகாரம் புது நேரத்தைக் காட்ட, மென்பொருளோ மஃக்ரிபை ஒரு மணி நேரம் முன்னதாகவே அறிவிக்கும். அது ஷவ்வால் மாதம். ஆறு நோன்பு நோற்போர் பலர் இருக்கும் காலம். திருத்தம் எங்களிடம் ஆயத்தமாக இருந்தது. ஆயினும் புதிய பதிப்பை வெளியிடுவதற்கான கடவுச்சொல்லும் மின்னணுக் கையொப்பச் சாவியும் சகோதரரிடம் மட்டுமே இருந்தன. அவரோ அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தார். எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றை மட்டுமே எங்களால் விடுக்க முடிந்தது. ஐந்தாம் நாள் அவர் படுக்கையிலிருந்தே மடிக்கணினியை வாங்கித் திருத்தத்தை வெளியிட்டார். அல்ஹம்துலில்லாஹ், அவர் நலமடைந்தார். எனினும், அவர் மீண்டு வந்திராவிட்டால் என்ன நிகழ்ந்திருக்கும் என்ற வினா எங்களை விட்டு நீங்கவில்லை.

விடை தேடியபோது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் நடைமுறை எங்களுக்கு வழிகாட்டியது. 1999இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட அவ்வமைப்பு, 2002 முதல் அடைகாப்பகம் ஒன்றை நடத்தி வருகிறது. புதிதாக வரும் திட்டங்கள் வழிகாட்டிகளின் துணையோடு அங்கே வளர்ந்து, தகுதி பெற்ற பின்னரே வெளியேறுகின்றன. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது அங்கு முதன்மையான அளவுகோல் அன்று. உரிமங்கள் தூய்மையாக உள்ளனவா, முடிவுகள் பலரறிய எடுக்கப்படுகின்றனவா, புதியவர்கள் பொறுப்புக்கு வருகிறார்களா, ஒரே நிறுவனத்தையோ ஒரே மனிதரையோ சாராமல் திட்டம் நிற்குமா என்பவையே வினவப்படுகின்றன. எங்கள் சிறு முயற்சி அவ்வமைப்பில் சேரவில்லை. அதன் அளவுகோல்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதலில் உரிமைகளைச் சரிபார்த்தோம். ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியலில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று இல்லை. பிறர் உழைப்பை அனுமதியின்றி வைத்துக்கொண்டு நன்மையை எதிர்பார்ப்பது முறையன்று என்பதால், அதை நீக்கி, உரிமம் தெளிவாயுள்ள தரவுகளைச் சேர்த்தோம். அடுத்து, சகோதரரின் நினைவில் மட்டும் இருந்தவற்றை எழுத்தில் கொணர்ந்தோம். மஃக்ரிபுடன் இரண்டு நிமிடங்கள் கூட்டும் ஒரு வரி நிரலில் இருந்தது. அது பேணுதலுக்காகச் சேர்க்கப்பட்டது என்பதை அவரைத் தவிர எவரும் அறியார். இவ்வாறான குறிப்புகளே நாற்பது பக்கங்களுக்கு மேல் சேர்ந்தன.

கடினமாக இருந்தது சாவியைப் பகிர்வதே. சகோதரர் தயங்கினார். அத்தயக்கத்தைத் தன்முனைப்பு என்று எளிதில் தள்ளிவிட இயலாது. 2024 மார்ச் இறுதியில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் நிகழ்வை அவர் எடுத்துக் காட்டினார். கோப்புகளைச் சுருக்கும் அச்சிறு மென்பொருளைக் களைப்புற்ற ஒருவர் பல்லாண்டுகள் தனியே பேணி வந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுகளுக்கும் மேலாக நற்பணி ஆற்றி நம்பிக்கையைப் பெற்றார். பொறுப்பைப் பிறருக்குக் கொடுக்குமாறு வேறு சில பெயர்கள் நெருக்கடி தந்தன. பொறுப்பு கைக்கு வந்ததும் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் இரகசியப் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டது. சேவையகத்தில் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் ஆராய்ந்ததால் அது அம்பலமானது. “அந்த மனிதரையும் இப்படித்தான் அவசரப்படுத்தினார்கள்” என்றார் சகோதரர்.

அமானிதத்தை ஒருவரே பூட்டி வைத்திருந்தால் அவரோடு அது முடங்கும். தகுதி நோக்காது கையளித்தால் பாழாகும். இரண்டுக்கும் நடுவே வழி காண எட்டு மாதங்கள் மஷூரா செய்தோம். ஈராண்டுகள் தொடர்ந்து பங்களித்தவரும், எங்களில் ஒருவரேனும் நேரில் அறிந்தவருமே சாவி பெறுவர் என்று முடிவு செய்தோம். எந்தப் பதிப்புக்கும் குறைந்தது மூவர் இசைவு வேண்டும். இது அப்பாச்சியின் விதியும் ஆகும். எக்ஸ்இசட்டில் பின்வாசலை இயக்கும் பகுதி, பலரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லாமல், விநியோகத்திற்கெனக் கட்டப்பட்ட பொதியில் மட்டுமே இருந்தது. ஆதலால், களஞ்சியத்திலிருந்து இருவர் தனித்தனியே பொதியைக் கட்டி, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே வெளியிடுவது என்பதையும் விதியாக்கினோம். சகோதரர் மனநிறைவுடன் மூன்று சாவிகளுக்கு ஒப்புதல் தந்தார்.

சென்ற ஆண்டு அந்த ஏற்பாட்டிற்கு உண்மையான சோதனை வந்தது. இலண்டனில் ஜூன் மாதம் முழுவதும் சூரியன் 18 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அந்நாள்களில் இஷாவை எவ்வாறு கணிப்பது என்பதில் அறிஞர்களிடையே பல வழிகள் உண்டு. இரவின் நடுப்பகுதியை அடிப்படையாகக் கொள்ளும் முறையைச் சகோதரர் தொடக்கத்திலிருந்தே நிரலில் நிலைநிறுத்தியிருந்தார். மென்பொருள் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாகாது. உள்ளூர்ப் பள்ளிவாசலைக் கேட்டுப் பயனரே தேர்வு செய்ய வேண்டும் என்பது மற்றவர்களின் கருத்து. வாக்கெடுப்பில் நால்வர் ஒருபுறம், நிறுவியவர் மறுபுறம். தாமே எழுதிய மென்பொருளில் தம் கருத்து நிராகரிக்கப்படுவதை அவர் முதன்முறையாகக் கண்டார். அன்று முழுவதும் அவரிடமிருந்து மறுமொழி இல்லை. மறுநாள் காலை, புதிய பதிப்பின் விளக்கக் குறிப்பை அவரே எழுதி அனுப்பியிருந்தார். எல்லா வழிகளையும் நடுநிலையோடு விவரித்திருந்தார். அவரது சாவி பயன்படாமலேயே வெளிவந்த முதல் பதிப்பு அது.

உங்கள் கைப்பேசியிலும் இத்தகைய மென்பொருள்கள் இருக்கும். அவற்றுக்கு உதவ நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையோடு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்து வேறுபாடுகளைத் தெரிவியுங்கள். விளக்கங்களைத் தமிழில் எழுதித் தாருங்கள். நிறுவியவரைத் தவிர எத்தனை பேர் புதிய பதிப்பை வெளியிட இயலும் என்று பணிவுடன் கேளுங்கள். விடை ‘எவருமில்லை’ என்றால் பொறுமையோடு அருகில் நின்று பணியாற்றுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் சகோதரர் இப்போது ஊர் திரும்பிவிட்டார். வாரத்தில் இரு மாலைகள் இரு மாணவர்களுக்கு அந்த நாற்பது பக்கங்களையும் வரிவரியாக விளக்கி வருகிறார். அவர்களுக்குச் சாவி கிடைக்க இன்னும் ஓராண்டும் சில மாதங்களும் உள்ளன, இன்ஷா அல்லாஹ்.